ஒயினும் துணியும்: ஒரு பாடப்புத்தக உதாரணத்தின் வரலாறு

1

100, 120, 90, 80. சர்வதேச வணிகத்தைப் பாடமாக எடுத்துப் படிக்கிற எவரும், படிக்கிற இடம் லண்டனோ மணிலாவோ கோயமுத்தூரோ, முதல் பருவத்திலேயே இந்த நாலு எண்களை, அல்லது இவற்றின் பேரப்பிள்ளைகளைச் சந்தித்துவிடுகிறார்கள். டேவிட் ரிக்கார்டோ 1817-இல் வெளியிட்ட அரசியல் பொருளாதார நூலின் ஏழாம் அத்தியாயத்தில் பிறந்தவை இவை. குறிப்பிட்ட அளவு துணி நெய்ய இங்கிலாந்தில் ஒரு வருஷத்துக்கு 100 பேருடைய உழைப்பு வேண்டும். ஒயின் தயாரிக்க 120 பேர். போர்ச்சுகலில் அதே துணிக்கு 90 பேர், அதே ஒயினுக்கு 80 பேர். இரண்டிலுமே போர்ச்சுகல்தான் கெட்டி. ஆனாலும் போர்ச்சுகல் ஒயினை மட்டும் தயாரித்து, துணியை இங்கிலாந்திடம் வாங்கிக்கொள்வதே இருவருக்கும் ஆதாயம். போர்ச்சுகலுக்கு 10 பேருடைய உழைப்பு மிச்சம், இங்கிலாந்துக்கு 20 பேருடையது. ஒப்பீட்டு அனுகூலம் என்று இதற்குப் பெயர்.

கணக்கில் தப்பில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால், நம் பக்கத்து விமர்சனக் கட்டுரைகள் பலவும் ரிக்கார்டோவை ஏதோ கூட்டல் தெரியாதவர் போலப் பேசி நகர்ந்துவிடுகின்றன. இந்தக் கணக்கு அழகானது. அந்த அழகுதான் நம் பிரச்சினை. இந்த நாலு எண்களை வகுப்பறைக் கரும்பலகையில் எழுதிய மாத்திரத்தில் எதெல்லாம் அழிந்துபோகிறது என்பதே என் கேள்வி.

நான் இதைப் படித்தது ஒரு பல்கலைக்கழகத்தில், இரண்டு வருஷம். என்னோடு படித்தவர்களில் பாதிப்பேர் பனியன் கம்பெனிகளோடு ஏதோ ஒரு விதத்தில் உறவுள்ள குடும்பங்களிலிருந்து வந்தவர்கள்: சிலர் முதலாளி வீட்டுப் பிள்ளைகள், சிலர் செக்கிங் மேஜையில் நின்றவர்களின் பிள்ளைகள். ஒருநாள் ஒரு மாணவி எழுந்து கேட்டாள்: ‘‘சார், அந்த 90 பேரு துணி நெய்யறத விட்டுட்டு எங்க போனாங்க?’’ ‘‘ஒயின் செக்டாருக்கு ஷிப்ட் ஆயிடுவாங்கம்மா, அதான் அசம்ப்ஷன்’’ என்றார் ஆசிரியர். ‘‘நெசமாவே போனாங்களா சார்?’’ ‘‘அது ஹிஸ்டரி டிப்பார்ட்மெண்ட்ல கேக்க வேண்டிய கேள்வி.’’

அந்தத் துறைக்குள் போய்ப் பார்ப்போம்.

2

ரிக்கார்டோவின் உதாரணம் கற்பனையில் உதித்ததல்ல. அதற்குப் பின்னால் 114 வருஷத்து ஒப்பந்தம் ஒன்று இருந்தது. 1703 டிசம்பரில் ஜான் மெத்யூன் என்ற ஆங்கிலத் தூதர் லிஸ்பனில் கையெழுத்திட்டது. மூன்றே ஷரத்துகள். போர்ச்சுகல், தான் விதித்திருந்த தடையை நீக்கி, ஆங்கிலக் கம்பளித் துணிகளை அனுமதிக்கும். பதிலுக்கு இங்கிலாந்து, பிரெஞ்சு ஒயினுக்கு வாங்குகிற தீர்வையைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவாக போர்ச்சுகீசிய ஒயினுக்கு வாங்கும். அவ்வளவுதான். மெத்யூனின் தகப்பனாரே ஒரு பெரிய கம்பளித் துணி வியாபாரி என்பதையும் இங்கே சேர்த்துக்கொள்ள வேண்டும்.

தடை எதற்காக இருந்தது? பதினேழாம் நூற்றாண்டின் கடைசியில் எரிசெய்ரா பிரபுவின் முயற்சியால் போர்ச்சுகல் தன் கம்பளி நெசவை வளர்த்துக்கொண்டிருந்தது. கோவில்யா போன்ற மலையூர்களில் தறிகள் ஓடின. அந்தத் தறிகளுக்கு வேலியாகப் போட்டதுதான் தடை. மெத்யூன் ஒப்பந்தம் அந்த வேலியைப் பிடுங்கியது. அதாவது, போர்ச்சுகல் துணியில் ‘பின்தங்கி’ ஒயினுக்கு நகர்ந்ததற்கு முன்னால் ஒரு அரசியல் முடிவு இருக்கிறது. இங்கிலாந்து, பிரான்சோடு யுத்தத்திலிருந்த காலத்தில் எடுக்கப்பட்ட முடிவு.

ஒயின் விற்ற காசு துணி வாங்கப் போதவில்லை. பற்றாக்குறையை எது அடைத்தது? பிரேசில் தங்கம். 1690-களில் மினாஸ் ஜெராய்ஸ் பகுதியில் தங்கம் கண்டுபிடிக்கப்பட்டது. அதைத் தோண்டியவர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துக் கொண்டுவரப்பட்ட அடிமைகள். தங்கம் லிஸ்பன் வழியாக லண்டனுக்குப் போனது. ‘இரு நாடு, இரு சரக்கு’ என்கிற மாதிரியில் மூன்றாவதாக ஒரு கண்டமும் நாலாவதாக ஒரு கண்டமும் இருந்திருக்கின்றன. அந்த 100, 120, 90, 80-க்குள் மினாஸ் சுரங்கத்து அடிமை எந்த எண்ணில் வருகிறான்? எதிலும் வரவில்லை. அவன் ‘பேர்’ கணக்கிலேயே இல்லை.

இன்னும் அருகில் வருவோம். 1807 நவம்பரில் நெப்போலியனின் படை நெருங்கியபோது போர்ச்சுகீசிய அரச குடும்பம் ஆங்கிலக் கப்பற்படையின் காவலில் பிரேசிலுக்கு ஓடியது. 1808 ஜனவரியில் பிரேசில் துறைமுகங்கள் நேச நாடுகளுக்குத் திறந்துவிடப்பட்டன. 1810 ஒப்பந்தத்தின்படி பிரேசிலில் ஆங்கிலச் சரக்குக்குத் தீர்வை 15 சதவிகிதம், போர்ச்சுகலின் சொந்தச் சரக்குக்கு 16, மற்ற நாடுகளுக்கு 24. தாய்நாட்டுக்கு விதித்ததைவிட அயல்நாட்டுக்குக் குறைவான வரி! போர்ச்சுகலிலோ, பெரெஸ்ஃபோர்ட் என்ற ஆங்கிலத் தளபதி அந்நாட்டு ராணுவத்தையே கையில் வைத்திருந்தார். அவருக்கு எதிராகச் சதி செய்ததாகக் குற்றஞ்சாட்டி கோமெஸ் ஃப்ரெய்ரே என்ற போர்ச்சுகீசியத் தளபதியைத் தூக்கிலிட்டார்கள். வருஷம் 1817. அக்டோபர் 18.

ரிக்கார்டோவின் புத்தகம் வெளிவந்தது அதே 1817-இன் ஏப்ரலில். இரண்டு சுதந்திரமான நாடுகள், சந்தையில் எதிரெதிராக நின்று, தங்கள் அனுகூலத்தைக் கணக்கிட்டு, கைகுலுக்கிக்கொள்ளும் காட்சியை அந்தப் பக்கங்களில் படிக்கிறோம். அதே வருஷம் அந்த நாடுகளில் ஒன்றின் ராணுவம் இன்னொன்றின் ஆள் கையில்.

இதை ரிக்கார்டோவின் தனிப்பட்ட கயமையாக வாசிக்க வேண்டியதில்லை. அவர் குடும்பமே போர்ச்சுகீசிய வழிவந்த யூதக் குடும்பம், துரத்தப்பட்டவர்களின் சந்ததி. அவருடைய பிரதியில் நேர்மையும் இருக்கிறது. மூலதனம் நாடு விட்டு நாடு தாராளமாகப் போகுமானால் துணி, ஒயின் இரண்டையுமே போர்ச்சுகலில் தயாரிப்பதுதான் லாபம் என்று அவரே ஒப்புக்கொள்கிறார். மூலதனக்காரனுக்குத் தன் ஊர்ப் பற்று இருக்கும், அதனால் அவன் போகமாட்டான், அந்தப் பற்று குறைந்தால் எனக்கு வருத்தமே என்கிற தொனியில் எழுதுகிறார். கணக்கு நிற்பது இந்த ஒரு தூணில். இன்றைய பாடப்புத்தகத்தில் முன் அத்தியாயத்தில் ஊரைவிட்டு நகராத மூலதனம், பின் அத்தியாயத்தில் ‘அந்நிய நேரடி முதலீடு’ என்று பெயர் மாற்றிக்கொண்டு விமானம் ஏறிவிடுகிறது. இரண்டுக்கும் நடுவில் யாரும் விளக்கம் கேட்பதில்லை. இரண்டும் வேறு வேறு யூனிட். வேறு வேறு பத்து மார்க்.

3

சரி, இதை ஒரு பாடமாக, பரீட்சை வைத்து மார்க் போடுகிற விஷயமாக ஆக்கியது யார்?

இங்கிலாந்தில் அரசியல் பொருளாதாரத்துக்கென்று முதன்முதலில் பேராசிரியர் பதவி உண்டானது ஆக்ஸ்ஃபோர்டிலோ கேம்பிரிட்ஜிலோ அல்ல. கிழக்கிந்தியக் கம்பெனி தன் அதிகாரிகளைத் தயார்செய்ய நடத்திய கல்லூரியில். 1805-இல் அப்பதவிக்கு நியமிக்கப்பட்டவர் தாமஸ் மால்தஸ். கல்லூரி 1809-இல் ஹெய்லிபரியில் நிலைகொண்டது. 1834-இல் சாகும்வரை அவர் அங்கேதான் பாடம் நடத்தினார். பதினாறு, பதினேழு வயசுப் பையன்கள் அவரிடம் பொருளாதாரம் படித்துவிட்டுக் கப்பலேறினார்கள். சென்னை மாகாணத்தில் ஜில்லா ஜில்லாவாகக் கலெக்டர் ஆனவர்கள் இந்த வகுப்பறையிலிருந்து வந்தவர்கள்.

உலக வாணிபத்தைப் பற்றிய அறிவு நடுநிலையான ஒரு மேடையில் பிறந்து பிறகு ‘பயன்படுத்தப்பட்டது’ என்பதல்ல கதை. ஆள்வதற்கான பயிற்சியாகவே அது பாடத்திட்டம் ஆனது. அறிவுக்கும் அதிகாரத்துக்கும் உள்ள உறவைப் பேச நாம் ஃபூக்கோவிடம் போகிறோம். போகலாம். ஆனால் அதற்கு முன்னால் ஹெய்லிபரியின் மாணவர் பட்டியலையே பார்த்தால் போதும்.

ஒரு உதாரணம். ரிக்கார்டோவின் வாடகைக் கோட்பாட்டை வைத்து நிலவரியை ‘விஞ்ஞான ரீதியாக’ நிர்ணயிக்க முடியும் என்று ஜேம்ஸ் மில் நம்பினார். ரிக்கார்டோவை எழுது, எழுது என்று விடாமல் தூண்டியவர் இதே மில்தான். இந்தியாவில் கால் வைக்காமல், ஒரு இந்திய மொழியும் தெரியாமல் அவர் எழுதிய இந்திய வரலாறும் 1817 என்ற வருஷத்தையே தலைப்புப் பக்கத்தில் தாங்கி வந்தது. 1819-இல் கம்பெனியின் லண்டன் தலைமையகத்தில் உத்தியோகம் பெற்றார். பம்பாய் மாகாணத் தக்காணத்தில் பிரிங்கிள் என்ற அதிகாரி, ஹெய்லிபரியில் மால்தஸிடம் படித்தவர், 1820-களின் கடைசியில் இந்தக் கோட்பாட்டை அப்படியே வயலில் இறக்கினார். வயல் வயலாக ‘நிகர விளைச்சல்’ கணக்கிட்டு வரி போட்டார். வரி தாங்காத சுமையானது. 1830-களின் நடுவில் அந்த ஏற்பாட்டையே கைவிட்டு வேறு முறைக்குப் போகவேண்டி வந்தது. தேற்றம் தோற்றால் கரும்பலகையை அழித்துவிடலாம். உழவனுக்கு அந்த வசதி இல்லை.

4

ரிக்கார்டோவின் உதாரணத்தில் இல்லாத இன்னொரு துணி உண்டு. மசூலிப்பட்டணத்திலிருந்து நாகப்பட்டினம் வரைக்குமான சோழமண்டலக் கரையின் பருத்தித் துணி. பதினேழாம் நூற்றாண்டின் கடைசியில் ‘துணியில் யாருக்கு அனுகூலம்’ என்று கேட்டிருந்தால் பதில் இந்தக் கரைதான். இங்கிலாந்து அதற்கு என்ன செய்தது? 1700-இல் சட்டம் போட்டு இந்தியா, பாரசீகம், சீனாவிலிருந்து வந்த அச்சிட்ட, சாயம் தீட்டிய துணிகளை உள்நாட்டு உபயோகத்துக்குத் தடுத்தது. 1719-இல் லண்டன் நெசவாளிகள் தெருவில் அச்சுப் பருத்தி உடுத்தி வந்த பெண்களைத் தாக்கி உடைகளைக் கிழித்தார்கள். 1721-இல் அத்தகைய துணிகளில் பெரும்பாலானவற்றை உடுத்துவதையே சட்டம் தடை செய்தது. 1774 வரை அந்தத் தடை நீடித்தது. அந்த வேலிக்குப் பின்னால்தான் லங்காஷையரின் நூற்பு யந்திரங்கள் பிறந்தன. பிற்பாடும் இந்தியத் துணிக்கு எழுபது, எண்பது சதவிகிதத் தீர்வை இருந்ததைப் பதிவு செய்திருப்பவர், மில்லின் வரலாற்றுக்கு உரையும் தொடர்ச்சியும் எழுதிய எச். எச். வில்சன். சுதந்திர வாணிபத்தின் மகிமையை இங்கிலாந்து உணர்ந்தது வேலிக்குள் பயிர் முற்றிய பிறகு.

இங்கே நம்மவர்கள் வழக்கமாக ஒரு பெருமூச்சு விடுவார்கள். ‘மோதிரத்துக்குள் நுழைந்த மஸ்லின்’, ‘பொற்காலத்து நெசவாளி’ என்கிற பெருங்கதையாடல் தொடங்கிவிடும். எனக்கு அதிலும் உடன்பாடில்லை. அந்தக் கரையில் கைக்கோளரும் தேவாங்கரும் சாலியரும் சேணியரும் நெய்தார்கள். பறையர்களும் நெய்தார்கள், அவர்களுடைய தறி ‘பாரம்பரியப் பெருமை’ பேசுகிற கட்டுரைகளில் வருவதில்லை. நூல் நூற்ற பெண்களின் பெயர் எந்தக் கணக்குப் புத்தகத்திலும் இல்லை. துபாஷிகளும் தரகு வியாபாரிகளும் நம் ஆட்கள்தான். இழந்த பொற்காலத்தை மீட்பது நம் வேலையல்ல.

ஆனால் ஒன்றை மட்டும் விட்டுவிடக்கூடாது. பதினெட்டாம் நூற்றாண்டுத் தென்னிந்திய நெசவாளிகளைப் பற்றி ஆராய்ந்த பிரசன்னன் பார்த்தசாரதி, 1998-இல் வெளியான தன் கட்டுரையிலும் 2001-இல் வந்த நூலிலும் நம் எல்லோருடைய முன்முடிவையும் உடைக்கிற இரண்டு விஷயங்களைச் சொன்னார். ஒன்று: இந்தத் துணி மலிவாக இருந்ததற்குக் காரணம் நெசவாளியின் வறுமை அல்ல. தானியம் இங்கே மலிவு. வயிற்றுக்கு என்ன கிடைத்தது என்று பார்த்தால் அவர்களின் கூலி ஆங்கில நெசவாளியின் கூலிக்குச் சளைத்ததல்ல. இரண்டு: வியாபாரியிடம் முன்பணம் வாங்கிய நெசவாளி, அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு எப்போது வேண்டுமானாலும் ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ளலாம். வியாபாரிக்கு அந்த உரிமை கிடையாது. கம்பெனி அரசாங்கமான பிறகுதான், சட்டத்தையும் சிப்பாயையும் வைத்து அந்த உரிமையைப் பறித்தது.

அப்படியானால் ‘மலிவான உழைப்பு’ என்பது இந்த மண்ணோடு பிறந்ததில்லை. அது செய்யப்பட்டது.

5

இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பின் இந்தப் பாடம் புது உருவம் எடுக்கிறது. 1947-இல் 23 நாடுகள் காட் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. இந்தியாவும் இலங்கையும் அதில் உண்டு. 1950-களின் கடைசியில் அமெரிக்காவில் ‘சர்வதேச வணிகம்’ தனித் துறையாகத் திரள்கிறது. டெல்லியில் இந்திய அயல்நாட்டு வாணிப நிறுவனம் 1963-இல் வந்தது. ரிக்கார்டோவின் இடத்தில் இப்போது ஹெக்ஷரும் ஓலினும்: எந்த நாட்டில் எந்த வளம் மிகுதியோ அதற்கேற்ற சரக்கை அந்நாடு ஏற்றுமதி செய்யும். போர்ச்சுகலுக்கு வெயில் போல நமக்கு மலிவான உழைப்பு. வெயிலுக்குக் காரணம் கேட்கமுடியாது அல்லவா, அதுபோல இதற்கும் காரணம் கேட்கக்கூடாது. கூலியைத் தீர்மானிக்கிற சாதி, பால், நிலமின்மை எல்லாமே ‘வளமிகுதி’ என்ற ஒரு சொல்லுக்குள் கரைந்துபோகின்றன.

கேட்டவர் ஒருவர் இருந்தார். ஸ்டீஃபன் ஹைமர், கனடாக்காரர். ஒரு கம்பெனி வெளிநாட்டுக்குப் போவது அங்கே வட்டி அதிகம் என்பதற்காக அல்ல, கட்டுப்பாட்டைக் கையில் வைத்துக்கொள்ளவும் போட்டியை ஒழிக்கவும்தான் என்று 1960-இல் தன் ஆய்வேட்டில் நிறுவினார். அது புத்தகமாக வந்தது 1976-இல். அதற்குள், 1974-இல், அவர் கார் விபத்தில் இறந்துபோயிருந்தார். நடுவில் மார்க்சியராக மாறி, பன்னாட்டுக் கம்பெனியின் படிநிலையே உலக நாடுகளின் படிநிலையாக விரிவதை எழுதினார். 1971-இல், ராபின்சன் குரூசோ கதையைச் சமமான பரிவர்த்தனையின் கதையாக அல்லாமல் அபகரிப்பின் கதையாக வாசித்தார். இன்றைய பாடப்புத்தகத்தில் ஹைமர் இருக்கிறார், ஆனால் பாதி ஹைமர். ஆய்வேட்டின் கோட்பாடு மட்டும் இரண்டு பத்தி. மிச்சத்தை வெட்டிவிட்டார்கள்.

நடைமுறை என்ன சொல்கிறது? நமக்குத் துணியில் அனுகூலம் என்று வகுப்பெடுத்த அதே நாடுகள், 1974-இல் பல்லிழை ஒப்பந்தம் என்ற பெயரில் ஏழை நாடுகளின் துணிக்குக் கோட்டா விதித்தன. பத்து வருஷப் படிப்படியான விலக்கலும் சேர்ந்து, 2004 கடைசி வரை, முப்பது வருஷம். திருப்பூரில் கோட்டாவுக்கே ஒரு விலை இருந்தது. துணி தைக்காமல் கோட்டாவைக் கைமாற்றியே காசு பார்த்தவர்கள் உண்டு. 1991 டிசம்பரில் டங்கல் நகல் வந்தபோது இது போன்ற சிற்றிதழ்கள் கொதித்தெழுந்தன. ‘விதிகள் வந்துவிட்டால் வலியவனும் கட்டுப்படுவான்’ என்று பதில் சொல்லப்பட்டது. 1995-இல் உலக வணிக அமைப்பு வந்தது. அதன் மேல்முறையீட்டு மன்றம் 2019 டிசம்பரில் முடங்கியது, அமெரிக்கா நீதிபதி நியமனங்களைத் தடுத்ததால். 2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியச் சரக்குகள் பலவற்றுக்கு அமெரிக்கா 50 சதவிகிதத் தீர்வை போட்டபோது திருப்பூரில் ஆர்டர்கள் நின்றன. பீஸ் ரேட்டுக்குத் தைக்கிற டைலருக்கு ஆர்டர் நின்றால் அன்றைக்கே கூலி நின்றது என்று அர்த்தம். விதி எழுதுகிற கை எதுவோ அதுவே அழிக்கிற கையும். 1703-லிருந்து இதில் பெரிய மாற்றமில்லை.

6

அப்படியானால் இந்தப் பாடத்தைப் படிக்கவே வேண்டாமா? எதிர்மாறாகச் சொல்கிறேன். கோவை வட்டாரத்துக் கல்லூரிகளில் பி.காம். சர்வதேச வணிகம் படிக்கிற பிள்ளைகளில் பலர் அவர்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரிகள். எல்.சி., இன்வாய்ஸ், ஷிப்பிங் பில் என்று அந்த மொழி தெரியாமல் ஒரு பையரிடம் வாயைத் திறக்க முடியாது. அந்த மொழியை முதலாளி வீட்டுப் பிள்ளைக்கு மட்டும் விட்டுக்கொடுத்துவிட்டு, நாம் வெளியே நின்று ‘உலகமயம் ஒழிக’ என்று சொல்லிக்கொண்டிருப்பது யாருக்கு வசதி? படிக்கவேண்டும். கணக்கையும் படிக்கவேண்டும், கணக்குப் பலகையில் விழாததையும் படிக்கவேண்டும்.

எப்படி என்பதற்கு ஒரு வழியை மட்டும் முன்வைக்கிறேன். முன்பணம், கூலி, பாக்கி ஆகிய மூன்றும் எந்தக் காலத்தில் யார் கையில் இருந்தன என்று கேட்டுக்கொண்டே வாசிப்பது. பதினெட்டாம் நூற்றாண்டு நெசவாளியின் கையில் வியாபாரியின் பணம் இருந்தது. வேண்டாம் என்று சொல்கிற பலமும் கூடவே இருந்தது. இந்த நூற்றாண்டில் நம் மேற்கு மாவட்டத்து நூற்பாலைகளில் சுமங்கலித் திட்டம் என்ற பெயரில் நடந்ததை எண்ணிப் பாருங்கள். தலித் வீடுகளிலிருந்தும் பிற ஏழை வீடுகளிலிருந்தும் பெண் பிள்ளைகளை விடுதியில் வைத்து, கூலியில் ஒரு பகுதியைப் பிடித்துக்கொண்டு, மூன்று வருஷம் முடித்தால் கல்யாணத்துக்கு மொத்தமாகத் தருகிறோம் என்றார்கள். நடுவில் உடம்பு முடியாமல் வீடு திரும்பியவள் அந்தத் தொகையை இழந்தாள். இப்போது தொழிலாளியின் பணம் முதலாளியின் கையில். முன்பணம் தலைகீழாகத் திரும்பி நிற்கிறது. போக முடியாதபடி கட்டிவைத்த உழைப்புக்குத்தான் ஏட்டில் ‘அனுகூலம்’ என்று பெயர்.

இரு நூற்றாண்டுகளில் என்ன மாறியது என்று கேட்டால், தொழில்நுட்பம் மாறியது, கப்பல் மாறியது என்று பதில் எழுதி மார்க் வாங்கலாம். ‘வேண்டாம், போகிறேன்’ என்று சொல்கிற உரிமை கை மாறியது என்பது இன்னொரு பதில். அந்தப் பதிலுக்கு இன்னும் பாடத்திட்டத்தில் யூனிட் இல்லை. அதை எழுதவேண்டியவர்கள், செக்கிங் மேஜையிலிருந்து வகுப்பறைக்கு வந்து, அந்த 90 பேரு எங்க போனாங்க என்று கேட்கிறவர்கள்தான்.